முதல் வெளிநாட்டுப் பயணமா? மலையிலிருந்து கிளம்பும் முன்னும் போன இடத்திலும் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கத்திலிருந்து முதல்முறையாக வெளிநாடு கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, பாலி, துபாய், கொஞ்சம் துணிந்தவர்களுக்கு ஜப்பான். பெரும்பாலானோர் போவது இங்கெல்லாம்தான். பாஸ்போர்ட், விசா எடுப்பது பற்றி இதில் எதுவும் இல்லை. போன இடத்தில் அந்த ஊர்க்காரர்களை நோகடிக்காமல், நாமும் அவமானப்படாமல் திரும்புவது எப்படி என்பது மட்டும்தான்.

குழுவாகக் கிளம்புகிறவர்களைத் தயார் செய்யும்போது அடிக்கடி பார்ப்பது, வரிசை தலைகீழாக இருப்பதை. முதலில் டிக்கெட், அப்புறம் முறுக்கும் ஊறுகாயும், அப்புறம் ஸ்வெட்டர். அந்த ஊரில் என்ன செய்யக்கூடாது என்று விமானத்தில் உட்கார்ந்த பிறகுதான் பக்கத்து சீட்டில் கேட்கிறார்கள். அதற்குள் பெட்டி சரக்கு அறைக்குப் போயிருக்கும்.

மலைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. மே சீசனில் நம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள், தேயிலைச் செடிக்குள் இறங்கி பாட்டில் எறிகிறவர்கள், கேட்காமல் நம் பாட்டியைப் படம் பிடிக்கிறவர்கள் என்று எல்லோரையும் பார்த்துவிட்டோம். 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வாங்கித்தான் வெளியூர் வண்டிகள் மேலே ஏற வேண்டும் என்ற நிலையும் வந்துவிட்டது. எது உறுத்தும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் விமானம் ஏறியதும் அது மறந்துபோகிறது. அதனால்தான் கீழே சில படிகளை ஊரிலேயே பழகச் சொல்கிறேன்.

முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

மெல்லிய சால்வை அல்லது துண்டு ஒன்று. சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய செருப்பு அல்லது ஷூ. ஓட்டையில்லாத சாக்ஸ். மருந்துகளுக்கு டாக்டர் சீட்டு. குப்பையைப் போட்டு வைக்க ஒரு பை. சட்டைப்பைக்குள் அடங்கும் சின்ன நோட்டு. போன் இருக்கிறதே என்பீர்கள், கோயில் வாசலில் சார்ஜ் தீர்ந்து நிற்கும்போது நோட்டின் அருமை தெரியும்.

1. முதலில் அந்த ஊர் காலண்டர், அப்புறம் டிக்கெட்

டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்றால் ஏன் மலிவு என்று பாருங்கள். பாலியில் நைபி என்றொரு நாள், பெரும்பாலும் மார்ச்சில் வரும். அன்று தீவு முழுக்க மௌனம். விமான நிலையமே ஒரு நாள் மூடப்படும். சுற்றுலாப் பயணிகளும் விடுதியை விட்டு வெளியே வரக்கூடாது, வெளிச்சமும் அதிகம் காட்டக்கூடாது. தெரியாமல் போனவருக்கு அது வீணான நாள். தெரிந்தே போனால் நட்சத்திரம் பார்க்க அதைவிட நல்ல இரவு கிடைக்காது.

இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. அன்று மது விற்பனை கிடையாது, விகாரைகளில் வெள்ளை உடுத்திய கூட்டம் இருக்கும். வளைகுடா நாடுகளுக்கு என்றால் ரமலான் எப்போது என்று பாருங்கள். அது ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும், போன வருடத் தேதி உதவாது. அந்த மாதத்தில் போகவே கூடாது என்பதில்லை. பகலில் தெருவில் நின்று தண்ணீர் பாட்டிலைத் திறக்காமல் இருக்கத் தெரிந்தால் போதும்.

இதை முதல் படியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. பின்னால் வரும் உடை, சாப்பாடு, படம் எல்லாமே நீங்கள் போகும் தேதியைப் பொறுத்து மாறும்.

2. பெட்டியை மூடும் முன் சட்டத்தைப் பாருங்கள்

மரியாதையில் தவறினால் முகம் சுளிப்பார்கள். சட்டத்தில் தவறினால் ‘தெரியாது’ என்ற பதில் எடுபடாது. அதனால் இது இரண்டாவது.

நம் வீடுகளில் அதிகம் மாட்டுவது கசகசா. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அதற்குத் தடை. தனிப் பொட்டலமாக இருந்தால் கண்ணில் படும், எடுத்து வைத்துவிடலாம். வீட்டில் அரைத்த குருமாப் பொடிக்குள் இருப்பதுதான் ஆபத்து. அரைத்தவரிடமே கேளுங்கள்: “அம்மா, இதில் கசகசா போட்டீர்களா?” சந்தேகம் இருந்தால் பொடியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

அடுத்தது மருந்து. கோடீன் கலந்த இருமல் மருந்தும் டிரமடால் போன்ற வலி மாத்திரைகளும் பல நாடுகளில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. மருந்தை அதன் அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் எடுத்துச் செல்லுங்கள். மாத்திரைகளைப் பிரித்து ஒரே டப்பாவில் கொட்டி வைக்கும் பழக்கத்தை இந்த ஒருமுறை விட்டுவிடுங்கள். அமீரகத்துக்கு என்றால் முன் அனுமதி தேவையா என்று அந்நாட்டு அரசின் இணையதளத்தில் பாருங்கள்.

இ-சிகரெட்டுக்குத் தாய்லாந்திலும் சிங்கப்பூரிலும் தடை. மெல்லும் புகையிலையையும் சூயிங்கத்தையும் சிங்கப்பூருக்குள் கொண்டு போக முடியாது. நியூசிலாந்தில் பிள்ளைகள் இருப்பவர்கள் ஆசையாக மலைத்தேன் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். அங்கே தேன் கொண்டுபோக அனுமதி இல்லை. எந்த உணவுப் பொருளாக இருந்தாலும் அறிவிப்புப் படிவத்தில் எழுதுங்கள், எழுதாமல் பிடிபட்டால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். தேயிலைத்தூள், வர்க்கி என்று எது இருந்தாலும் எழுதிக் காட்டிவிட்டால் பிரச்சினை இல்லை. வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

தாய்லாந்தில் மன்னர் குடும்பத்தை இழிவுபடுத்தினால் 3 முதல் 15 ஆண்டுவரை சிறை. ரூபாய்த்தாள் பறந்து விழுந்தால் நாம் சட்டென்று காலால் மிதித்து நிறுத்துவோம் இல்லையா? அங்கே தாளில் மன்னர் படம் இருக்கும், அதைச் செய்யாதீர்கள். இலங்கையில் புத்தர் உருவம் அச்சிட்ட சட்டை, உடம்பில் குத்திய பச்சை இரண்டுமே சிக்கல். கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்த ஒரு பிரிட்டிஷ் பயணியை 2014-ல் திருப்பியே அனுப்பிவிட்டார்கள்.

3. உடை: தோளும் முழங்காலும்

ஒவ்வொரு நாட்டுக்கும் தனி விதி மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தோளும் முழங்காலும் மூடியிருந்தால் கண்டி தலதா மாளிகை, பாங்காக் அரண்மனை, வாடிகன் பேராலயம் எல்லாவற்றிலும் நுழைந்துவிடலாம். இறுக்கமானதும் உடல் தெரியும் மெல்லியதும் வேண்டாம். பாலி கோயில்களில் சாரோங்கும் இடுப்புக் கச்சையும் கட்ட வேண்டும். நாலு முழ வேட்டி கட்டத் தெரிந்தவருக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

விதிவிலக்கும் உண்டு. யாழ்ப்பாணம் நல்லூர் கந்தசுவாமி கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோத்தகிரி பக்கம் பேரகணியில் படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்திப் போவதை யாராவது ‘ஏன்’ என்று வாதாடினால் நமக்கு எப்படி இருக்கும்? வாசலில் சொல்கிறபடி செய்துவிடுங்கள்.

காலணி பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானில் வீடு, பாரம்பரிய விடுதி, சில உணவகங்கள் என்று கழற்றும் இடங்கள் நிறைய. கழிப்பறைக்குத் தனிச் செருப்பு வைத்திருப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்துவிடுவதுதான் புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை.

4. ஐந்து சொல்லும் ஒரு தலையாட்டலும்

வணக்கம், நன்றி, மன்னியுங்கள், செய்யலாமா, வேண்டாம். இந்த ஐந்தையும் போகும் நாட்டு மொழியில் நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சிங்களத்தில் முதல் மூன்றும் ஆயுபோவன், ஸ்துதி, சமாவென்ன. தாய்லாந்தில் வணக்கத்துக்கு ஆண்கள் ‘சவாதீ க்ராப்’, பெண்கள் ‘சவாதீ கா’. மலாயிலும் இந்தோனேசிய மொழியிலும் நன்றிக்கு தெரிமா காசி. அனுமதி கேட்க ‘போலே?’ ஜப்பானில் சுமிமாசென் என்ற ஒன்றை வைத்துக்கொண்டே பாதி நாளை ஓட்டிவிடலாம். வழி கேட்க, இடித்துவிட்டால், கடைக்காரரைக் கூப்பிட எல்லாவற்றுக்கும் அதுதான்.

உச்சரிப்பு சரியாக வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆரம்பத்தில் அவர்கள் மொழியில் ஒரு சொல் வந்தாலே எதிரில் இருப்பவர் இளகிவிடுவார். பிரான்ஸில் கடைக்குள் நுழையும்போது ‘போன்ஜூர்’ சொல்லாமல் நேராக விலை கேட்டால் சண்டைக்கு வந்ததுபோல் பார்ப்பார்கள்.

தலையை இடவலமாக ஆட்டி நாம் சொல்லும் ‘சரி’ பல நாடுகளில் ‘இல்லை’ என்றே புரியும். பழக்கத்தை மாற்ற முடியாது. கூடவே வாயால் ஆமாம் அல்லது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விரல் நீட்டிக் காட்டுவது மலேசியாவில் முரட்டுத்தனம், விரல்களை மடக்கி வலது கட்டைவிரலால் காட்டுவார்கள். அங்கும் தாய்லாந்திலும் குழந்தையின் தலையைத் தொட்டுக் கொஞ்சவும் வேண்டாம்.

5. படம் எடுப்பதை ஊரிலேயே ஒத்திகை பாருங்கள்

அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். படித்துத் தெரிந்துகொண்டவர்களும் அழகான காட்சியைக் கண்டதும் கையைத் தூக்கிவிடுகிறார்கள். அறிவுரை போதாது, கைக்குப் பழக்கம் வேண்டும். அதனால் கிளம்புவதற்கு முந்தைய வாரம் கட்டபெட்டுப் பக்கமோ கேத்தி பக்கமோ கொழுந்து பறிக்கும் இடத்துக்குப் போய்ப் பழகுங்கள்.

முறை இதுதான். போன் பையில் இருக்கட்டும். முதலில் முகத்தைப் பாருங்கள், வணக்கம் சொல்லுங்கள். கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். எடுத்தபின் படத்தைக் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள்.

“அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று ஒரு பையன் கேட்டான். அவர் நிமிரவே இல்லை. “எடை போடற நேரம் தம்பி. மூட்டையைக் கட்டிட்டு வர்றேன், அப்புறம் எடு.” பத்து நிமிடம் நின்றான். அவர் வந்து, தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு, நேராகக் கேமராவைப் பார்த்து நின்றார். ஒளிந்திருந்து எடுத்திருந்தால் குனிந்த முதுகுதான் கிடைத்திருக்கும். காத்திருக்க நேரமில்லை என்றால் அந்தப் படம் உங்களுக்கு இல்லை என்று விட்டுவிட வேண்டியதுதான்.

இன்னொரு பயிற்சி, எடுக்காமல் இருப்பது. தோடர்களின் குடியிருப்பான மந்துக்குப் போனால் அவர்கள் கோயிலைத் தூரத்திலிருந்துதான் பார்க்க வேண்டும், கல்சுவரைத் தாண்டக்கூடாது. ‘ஒரே ஒரு செல்ஃபி’ என்று சுவரில் ஏறுகிறவர்களைக் கண்டால் நமக்கே கோபம் வரும். ஆஸ்திரேலியாவில் உலுரு பாறையில் ஏறாதீர்கள், அது எங்கள் புனித இடம் என்று அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்கள் பல்லாண்டுகளாகப் பலகை வைத்துக் கேட்டும் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். 2019 அக்டோபரில் ஏறுவதையே தடை செய்துவிட்டார்கள்.

ஜப்பானில் கியோட்டோவின் கியோன் பகுதியில் கெய்ஷாக்களை, அதாவது பாரம்பரிய ஆடல் பாடல் கலைஞர்களான பெண்களை, துரத்தித் துரத்திப் படம் எடுத்ததால், 2024 முதல் சில தனியார் சந்துகளில் நுழையவே பயணிகளுக்குத் தடை. மீறினால் 10,000 யென் என்று பலகை இருக்கிறது. அதே ஆண்டு மே மாதம் ஃபியூஜி மலையடிவார ஊர் ஒன்றில், கடைக்குப் பின்னால் மலை தெரியும் ஓர் இடத்தில் நடைபாதை ஓரமாகக் கருப்புத் திரையே கட்டிவிட்டார்கள். படம் எடுக்கச் சாலையில் குறுக்கே ஓடியதும் குப்பை போட்டதும்தான் காரணம்.

அமீரகத்தில் அனுமதியில்லாமல் பிறரைப் படமெடுப்பது குற்ற வழக்காகவே ஆகலாம், பெண்கள் என்றால் இன்னும் கவனம். இலங்கை விகாரைகளில் புத்தருக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக்கூடாது. குடும்பப் படம் வேண்டும் என்றால் வெளியே மரத்தடியில் எடுங்கள். குழந்தைகளைப் பெற்றவரிடம் கேட்காமல் எங்கேயும் எடுக்காதீர்கள்.

6. விமானத்திலும் விடுதியிலும்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். வரிசையில் முன்னால் இருப்பவரோடு ஒட்டி நிற்காதீர்கள், ஒரு கை நீளம் விடுங்கள். வீடியோ காலை ஸ்பீக்கரில் போடாதீர்கள். ஜப்பான் ரயிலில் போனில் பேசுவதே கிடையாது. கோவையிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானத்தில் ஊர்க்காரர்களே அதிகம் என்பதற்காக நாலு சீட் தள்ளி இருப்பவரோடு கத்திப் பேச வேண்டாம்.

குளியலறையில் திரைக்கு வெளியே தண்ணீர் வடியும் துளை பெரும்பாலும் இருக்காது. வாளிக் குளியல் பழக்கத்தில் தரையெல்லாம் ஊற்றினால் கீழ்மாடிக் கூரை நனையும். அறையில் இண்டக்ஷன் அடுப்பு வைத்துத் தாளிக்கவும் வேண்டாம், புகை உணரும் கருவி அலறி மாடியே இறங்கி ஓடும்.

7. வழிபாட்டு இடத்தில்: முதலில் நின்று பாருங்கள்

வாசலில் ஓரமாக நின்று அந்த ஊர்க்காரர் ஒருவர் உள்ளே போவதைக் கவனியுங்கள். செருப்பை எங்கே விடுகிறார், தலையை மூடுகிறாரா, எந்தப் பக்கம் சுற்றுகிறார், எங்கே நிற்கிறார். பலகையில் எழுதாத பாதி விதி அதில் தெரிந்துவிடும்.

பூட்டானிலும் நேபாளத்திலும் ஸ்தூபியை வலமாகச் சுற்றுவார்கள், நமக்குப் பழகியதுதான். பூட்டானில் கோயில் உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. தாய்லாந்தில் உட்காரும்போது பாதம் புத்தரைப் பார்க்கக்கூடாது, காலை மடக்கிப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். பிக்குவுக்குப் பெண்கள் எதையும் நேராகக் கையில் கொடுப்பதில்லை. பாலியில் நடைபாதையிலேயே சின்ன ஓலைத் தட்டில் பூ வைத்திருப்பார்கள். அது காலை வழிபாடு, குப்பை இல்லை, தாண்டாமல் சுற்றிப் போங்கள். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் உள்ளே வர வேண்டாம் என்ற பலகையும் அங்கே உண்டு. அதில் உங்களுக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம், எனக்கும் இல்லை. ஆனால் விருந்தாளியாகப் போன வாசலில் அந்த வழக்கைப் பேச முடியாது. வேண்டாம் என்றால் வெளியே நின்று பார்த்துவிட்டு வரலாம்.

நம்மவர்களின் தனிப் பிழை ஒன்று உண்டு. பழைய சிலையைக் கண்டதும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது. அருங்காட்சியகத்திலும் பௌத்த விகாரையிலும் தொட வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

8. சாப்பாடும் பணமும்

சைவம் என்றால் என்னவென்று விவரமாகச் சொல்லுங்கள். தாய்லாந்தில் இறைச்சி இல்லை என்றாலும் மீன் சாறு இருக்கும், ஜப்பானில் குழம்பின் அடியிலேயே மீன் துருவல் இருக்கும். ‘இறைச்சி, மீன், முட்டை சாப்பிட மாட்டேன்’ என்று அந்த மொழியில் எழுதிய சீட்டு ஒன்று கையில் இருக்கட்டும். அடுத்தவர் தட்டைப் பார்த்து மூக்கைப் பொத்துவது, தமிழில் கிண்டல் அடிப்பது இரண்டும் வேண்டாம். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் பக்கத்து மேசைக்குத் தமிழ் புரியும்.

சிங்கப்பூர் உணவுக் கூடங்களில் காலி மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். சாப்பிட்டதும் தட்டை நீங்களே எடுத்துப் போய் வைக்க வேண்டும், 2021 முதல் அது சட்டம். ரயிலில் தண்ணீர் குடித்தால்கூட 500 சிங்கப்பூர் டாலர்வரை அபராதம் உண்டு. ஜப்பானில் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், அது இறந்தவருக்குப் படைக்கும் முறை.

விலை பேசுவதற்கு ஒரு விதி: வாங்குவதாக இருந்தால் மட்டும் பேசுங்கள். அரை மணி நேரம் பேரம் பேசி, கடைக்காரர் ஒத்துக்கொண்டதும் ‘சும்மா கேட்டேன்’ என்று நகர்வதை ஊட்டி மார்க்கெட்டிலும் யாரும் விரும்புவதில்லை. விலைச்சீட்டு ஒட்டியிருந்தால் பேரம் கிடையாது. ஜப்பானில் டிப்ஸ் வைத்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். அமெரிக்காவிலோ உணவகத்தில் 15 முதல் 20 சதவீதம் வைக்காமல் எழுந்தால் பரிமாறியவரின் கூலியில் கைவைத்த மாதிரி. பாலி போகிறவர்கள் 1,50,000 ரூபியா சுற்றுலாக் கட்டணத்தையும், பூட்டான் போகிறவர்கள் இந்தியர்களுக்கான நாளொன்றுக்கு 1,200 ரூபாயையும் செலவுக் கணக்கில் முதலிலேயே சேருங்கள். கவுன்டரில் நின்று ‘இதெல்லாம் எதுக்கு’ என்று சண்டை போடுவதில் பயனில்லை.

9. இலங்கை மலையகத்துக்குப் போகிறவர்களுக்குத் தனியாக

தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களின் குடும்பங்கள் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் முழுக்க இருக்கின்றன. ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கம் தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டத்தைப் பார்த்துவர இப்போது பேரப்பிள்ளைகள் போகிறார்கள். அதே மொழி, அதே தேயிலை. அதனாலேயே எச்சரிக்கை குறைந்துவிடுகிறது.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக்குள் நுழையும் முன் தோட்டத்தில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று உறவினரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். லயம் ஒரு குடும்பத்தின் வீடு. உள்ளே எட்டிப் பார்த்து வீடியோ ஓட்டாதீர்கள். வரிசையாகக் குழந்தைகளை நிறுத்தி மிட்டாய் கொடுத்துப் படம் எடுப்பதையும் விடுங்கள். கொண்டுபோனதைப் பெரியவர் கையில் கொடுத்தால் அவர்களே பிரித்துக்கொள்வார்கள்.

சம்பளம் எவ்வளவு, ஏன் நீங்களும் இந்தியாவுக்கு வரவில்லை, போர்க்காலத்தில் என்ன நடந்தது என்று முதல் டீயிலேயே ஆரம்பிக்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். சொல்வதைக் கேட்டுவிட்டு ‘எங்க ஊர்லயும் இப்படித்தான்’ என்று குறுக்கே பாயவும் வேண்டாம். யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கும் இதே விதிதான், அங்கே இன்னும் கூடுதலாக.

10. தவறு நடந்துவிட்டால்

நடக்கத்தான் செய்யும். செய்வதை உடனே நிறுத்துங்கள். நோட்டில் எழுதிய மன்னிப்புச் சொல்லைச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் இது தப்பில்லை என்று விளக்கம் கொடுக்காதீர்கள், அது வாக்குவாதமாகத்தான் கேட்கும். அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்: படத்தை அழிப்பது, செருப்பைக் கழற்றுவது, வெளியேறுவது. பணம் நீட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், பல நாடுகளில் அதுவே அடுத்த குற்றம். போலீஸ் வரை போனால் புரியாத தாளில் கையெழுத்துப் போடாமல் இந்தியத் தூதரகத்தோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். அந்த எண்ணைக் கிளம்பும் முன்பே நோட்டில் எழுதி வைத்திருப்பீர்கள்.

11. ஊர் திரும்பியதும்

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் முன் படங்களை ஒருமுறை தள்ளிப் பாருங்கள். அதில் இருப்பவர் எடுக்கத்தான் சம்மதித்தார், ஊருக்கெல்லாம் காட்ட அல்ல. தெரியாதவர்களின் குழந்தைகள், அழுகிறவர்கள், வழிபாட்டில் இருப்பவர்கள் இருந்தால் போட வேண்டாம். ‘அனுப்புகிறேன்’ என்று யாருக்காவது சொல்லியிருந்தால் அந்த வாரமே அனுப்பிவிடுங்கள். தபாலில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தால் குன்னூரில் ஸ்டுடியோவில் பிரின்ட் போட்டு, அட்டை வைத்து, முகவரியை அவர்கள் மொழியில் எழுதி வாங்கி வந்த அந்தத் தாளை அப்படியே உறையின் மேல் ஒட்டி, கீழே நாட்டின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுங்கள்.